சொன்ன நாளில் ஆள் வர: டெல்டாவில் பழைய வீட்டை மராமத்து செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நாளைக்குக் காலையில வந்துடறேண்ணே" என்ற வாக்கை நம்பி நாள் கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் எங்கள் ஊர். முதலில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துச் சரிசெய்தேன். பிறகு சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் மூன்று பேரின் வீடுகளுக்கு உடனிருந்து வேலை வாங்கிக் கொடுத்தேன்.

முதல் வீட்டில் ஒரு காலை நடந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. கூடத்துச் சுவருக்குப் பூச்சு. அதற்கு முந்தின நாளே சுவரில் காடி (ஒயர் பைப்புக்கான பள்ளம்) வெட்டி பைப் பதித்துவிடுவதாக எலக்ட்ரீசியன் சொல்லியிருந்தார். வரவில்லை, ராத்திரியே வந்து முடித்துவிடுகிறேன் என்றார். மறுநாள் ஏழு மணிக்குக் கொத்தனார் வந்துவிட்டார். சித்தாள் வேலைக்கு மூன்று பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். சுவரில் காடி இல்லை, பூச முடியாது. பதினோரு மணிவரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அக்கா தூக்குவாளியைத் திறக்காமலேயே மடியில் வைத்திருந்தார். "நடவுக்குக் கூப்பிட்டாங்க தம்பி, இங்க வாக்கு குடுத்துட்டோமேன்னு வந்தோம்" என்றார். எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டால், "பாதி வழியில இருக்கேண்ணே" என்றார். போனில் நாதஸ்வரம் கேட்டது. அந்தப் பெண்களை அரை நாள் கூலி கொடுத்து அனுப்பினேன். வராமல் போனவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. வாக்குத் தவறாமல் வந்தவர்களுக்கு அரை நாள் போனது.

அதற்குப் பிறகுதான் கீழே உள்ள வரிசையைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஆட்கள் வராத நாள் அடியோடு ஒழிந்துவிடவில்லை, வெகுவாகக் குறைந்தது. ஒருவர் வராவிட்டாலும் இன்னொருவர் வேலை நிற்பதில்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் ஐந்து படி முடியாமல் ஆறாவதான பணத்துக்குப் போகவே கூடாது.

1. வேலையை ஆள் வாரியாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையல் உள், கொல்லை என்று வீட்டைச் சுற்றி வாருங்கள். அறை வாரியாக எழுதாமல் ஆள் வாரியாக எழுதுங்கள். கொத்தனாருக்கு ஒரு பக்கம், ஆச்சாரிக்கு ஒரு பக்கம், எலக்ட்ரீசியன், பிளம்பர், பெயிண்டர் என்று ஆளுக்கொரு பக்கம். ஒவ்வொரு வேலைக்குக் கீழேயும் இரண்டு விஷயம் இருக்கட்டும்: இதற்கு என்ன சாமான் வேண்டும், இவர் தொடங்கும் முன் யார் முடித்திருக்க வேண்டும்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. "சின்ன வேலைதான், வந்து பாருங்க" என்று கூப்பிட்டால் அது எத்தனை நாள் வேலை என்று அவருக்குத் தெரியாது. வருவார், பார்ப்பார், சாமான் வாங்கி வருகிறேன் என்று போவார், வேறு இடத்தில் மாட்டிக்கொள்வார். ஒரு சுவிட்சு மாற்ற, ஒரு குழாய் ஒழுகலை அடைக்க என்று தனித்தனியாகக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். அரை மணி நேர வேலைக்கு வண்டியை எடுத்து வந்தால் அவருடைய அன்றைய கூலியே கெடும். பத்துச் சின்ன வேலையைச் சேர்த்து ஒரு முழு நாள் வேலையாக்கிக் கூப்பிடுங்கள். "ஒரு நாள் வேலை இருக்கு" என்று சொன்னால் பதிலே மாறுவதைக் கேட்பீர்கள்.

2. யாருக்குப் பின் யார் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

புதிதாக இறங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஓட்டு வீட்டில் வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் ஆச்சாரி: கூரையில் செல்லரித்த கைமரம், அதன் மேல் ஓடு தாங்கும் ரீப்பர் சட்டம் மாற்றுவது. அடுத்து ஓடு. மேலே மூடிய பிறகுதான் கொத்தனாரின் இடிப்பு வேலையும் கட்டு வேலையும். பிறகு எலக்ட்ரீசியன் காடி வெட்டி, பைப்பும் பெட்டியும் பதிக்க வேண்டும். பிளம்பர் குழாய் பதித்துத் தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்தி, ஒழுகல் இல்லை என்று பார்க்க வேண்டும். அதன்பின் பூச்சு. பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். அப்புறம் டைல்ஸ், கதவு ஜன்னல் வேலை, ஒயர் இழுத்து சுவிட்சு மாட்டுவது, கடைசியில் பெயிண்ட். புதுப் பூச்சு நன்றாகக் காயாமல் பெயிண்ட் அடித்தால் உரிந்து வரும். அதனால் பெயிண்டருக்கு ஒரு மாதம் தள்ளியே நாள் குறியுங்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள்: எலக்ட்ரீசியன் குறைந்தது இரண்டு தடவை வர வேண்டும், பூச்சுக்கு முன் ஒரு தடவை, டைல்ஸுக்குப் பின் ஒரு தடவை. பிளம்பரும் அப்படித்தான். நான் பார்த்தவரை எல்லோரும் முதல் தடவைக்கு மட்டும் நாள் பேசுகிறார்கள். அதிகம் தவறிப்போவது இந்த இரண்டாவது வருகைதான். பேச்சிலேயே அது இல்லாததால் அவர் அந்த நாட்களை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருப்பார்.

அடுத்து, இரண்டு ஆட்களுக்கு நடுவில் ஒரு நாள் சும்மா விடுங்கள். செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீசியன் என்றால் வியாழக்கிழமை கொத்தனார். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் விடுங்கள். வீணாகப் போகிறதே என்று தோன்றும். எலக்ட்ரீசியன் ஒரு நாள் பிந்தினால் அந்த நாளில் முடித்துக்கொள்ளலாம், திண்ணையில் யாரும் தூக்குவாளியோடு காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அன்று நான் செய்த தவறு இதுதான். அடுத்தடுத்த நாட்களில் இருவரையும் வைத்தேன்.

3. தேதி பேசும் முன் நாள்காட்டியையும் வாய்க்காலையும் பாருங்கள்

வேறு ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் பார்த்தால் போதும். டெல்டாவில் தண்ணீரையும் பார்க்க வேண்டும். இங்கே கொத்தனாருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் அரைக்காணி, ஒரு காணி நிலமாவது இருக்கும், சொந்தமாகவோ குத்தகையாகவோ. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள்தான் நடவுக்கும் போகிறார்கள்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் தேதியை நம்பாதீர்கள், திறந்தார்களா என்று பாருங்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த பிறகு கல்லணைக்கு வந்து, உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருவதற்குள் நாள் ஆகும். உங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தில் பெரிய வேலை எதையும் தொடங்காதீர்கள். அந்த வாரம் ஆள் வராவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தன் முறையை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக் காடியை வெட்ட யார் வருவார்?

குறுவை அறுப்பும் சம்பா நடவும் சேர்ந்து வரும் புரட்டாசியில் சித்தாள் கிடைப்பது கடினம். தை பிறந்து மாசி முடியும்வரை சம்பா, தாளடி அறுவடை. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் ஓட்டைப் பிரிக்கவே முடியாது. எனவே கூரை வேலைக்குப் பங்குனி பாதியிலிருந்து வைகாசி வரைதான் நல்ல காலம். அந்தக் காலத்தில்தான் கோயில் திருவிழாக்களும் வரும். ஊர்க் காப்புக் கட்டு என்றைக்கு என்று ஆளிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காப்புக் கட்டிவிட்டால் பலர் ஊரை விட்டு வெளியே தங்க மாட்டார்கள்.

ஆடி, மார்கழியில் புதுவீட்டு வாசக்கால் வைப்பதில்லை, கல்யாணமும் இல்லை. அதனால் கொத்தனார், ஆச்சாரிக்கு அந்த மாதங்களில் கொஞ்சம் கை ஓயும். மராமத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெயிண்டர் மட்டும் மார்கழி பின்பாதியில் கிடைக்கமாட்டார், எல்லா வீட்டிலும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் அப்படியே.

முகூர்த்த நாளைத் தவறாமல் பாருங்கள். எலக்ட்ரீசியன்களில் பலர் மைக்செட், சீரியல் லைட்டு வேலைக்கும் போகிறவர்கள். என் காதில் விழுந்த நாதஸ்வரம் அவருடைய சொந்தக்காரர் கல்யாணமாகக்கூட இருந்திருக்காது, பந்தலில் லைட்டு கட்டும் வேலையாக இருந்திருக்கும். தினசரி நாள்காட்டியைக் கிழிப்பதற்கு முன் பார்த்திருந்தால் அந்த நாளையே நான் குறித்திருக்க மாட்டேன். அமாவாசை, செவ்வாய்க்கிழமையில் சிலர் புது வேலை தொடங்குவதில்லை. அதையும் கேட்டுவிடுங்கள். நாகப்பட்டினம் பக்கம் என்றால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. மயிலாடுதுறை பக்கம் ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகம், காவிரியில் நீராடும் திருவிழா.

4. வேலை நடக்கும் இடத்தில் போய் ஆளைப் பாருங்கள்

போனில் ஆள் பிடிக்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் இரண்டு மூன்று பேர் சொல்வார்கள். அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு அங்கேயே போங்கள். காலை ஒன்பது மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் அவர் வேலையில் இருக்கிறாரா என்பதே முதல் பதில்.

பிறகு அவர் முன்பு வேலை செய்த வீட்டில் விசாரியுங்கள். "நல்லா வேலை செய்வாரா" என்று கேட்டால் எல்லோரும் செய்வார் என்றுதான் சொல்வார்கள். "வராத நாள்ல முன்னாடியே போன் பண்ணிச் சொன்னாரா" என்று கேளுங்கள். நான் ஆளைத் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு கேள்வியில்தான். சாவு, காய்ச்சல், வண்டி பஞ்சர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று எல்லோருக்கும் வராத நாள் வரும். முந்தின ராத்திரி எட்டு மணிக்குள் "நாளைக்கு வரலைங்க" என்று சொல்கிறவரோடு எந்த வேலையும் முடியும். கைவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சொல்லாமல் நிற்கிறவரோடு பெரிய வேலையைக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

"இப்ப எத்தனை இடத்துல ஓடுது?" என்று நேராகவே கேளுங்கள். ஒன்று இரண்டு இடம் என்றால் இயல்பு. நான்கைந்து என்றால், ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கி வைத்துவிட்டு யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அங்கே போகிறவர்.

முடிந்தால் முதலில் ஒரே ஒரு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள். கொல்லைப்புறத் தொட்டியைப் பூசுவது போதும். சொன்ன நாளில் வந்தாரா, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாரா என்று பார்த்துவிட்டு கூடத்தைக் கொடுங்கள்.

5. நாள் குறிக்கும் பேச்சு

"எப்ப வருவீங்க?" என்று கேட்டால் "ரெண்டு நாள்ல" என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது நம் பக்கம் மரியாதைக் குறைவு. மறுக்க மனமில்லாமல் சொன்ன வார்த்தையை நாம் வாக்காக எடுத்துக்கொள்கிறோம். அதனால் முடியாது என்று சொல்ல அவருக்கு முதலில் வழி விடுங்கள். நான் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மேஸ்திரி, இப்ப செய்யற வீடு என்னைக்கு முடியுது?"

"புதன்கிழமை முடிஞ்சிரும் தம்பி."

"சென்ட்ரிங் பிரிக்கறது இருக்கே, அதுக்கும் நீங்கதானே போகணும்?"

"ஆமா, அது ஒரு நாள் இழுக்கும்."

"அப்ப வெள்ளிக்கிழமை வேணாம். திங்கக்கிழமை காலைல ஏழரைக்கு வைப்போமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வருத்தமில்ல. நான் சித்தாளுக்கு வாக்கு குடுக்கணும்."

கடைசி வரி முக்கியம். அவர் வராவிட்டால் இன்னொருவருடைய கூலி போகும் என்பது அவர் காதில் விழ வேண்டும். வீட்டுக்காரரின் சிரமத்தைவிடச் சக தொழிலாளியின் கூலி அவரை அதிகம் உறுத்தும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கிழமை, தேதி, மணி மூன்றையும் சொல்லுங்கள். வெறும் "காலையில" என்றால் ஆறிலிருந்து பதினொன்றரை வரை எல்லாம் காலைதான். பேசி முடித்ததும் அங்கேயே நின்று வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பிவிடுங்கள்: "மேஸ்திரி, திங்கக்கிழமை பதினாலாம் தேதி ஏழரைக்கு, கூடம் பூச்சு, மூணு நாள் வேலை, ரெண்டாவது தடவை முற்றத்துக்கு." எழுத்தில் அனுப்பினால் பலர் படிப்பதில்லை.

6. பணம்

பார்த்துப் பேசிய அன்றைக்கே முன்பணம் கொடுக்காதீர்கள். பணம் கொடுத்தால் கட்டுப்படுவார் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நான்கு வீட்டில் முன்பணம் வாங்கியவருக்கு நான்கு வீட்டிலும் இடம் உறுதி. இன்னும் வாங்காத ஐந்தாவது வீட்டுக்குத்தான் முதலில் போவார்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். கூரை இல்லாமல் நின்ற நேரம். ஓடு மாற்ற வந்த ஆளிடம் சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரு பக்கத்தைப் பிரித்துவிட்டு அடுத்த ஊரில் ஒப்புக்கொண்டார். தார்ப்பாய்க்கு அடியில் மார்கழியைக் கழித்தார்கள்.

நான் செய்வது: சாமானுக்கான பணத்தைக் கடைக்காரரிடம் நேரே கொடுத்துப் பில் வாங்கிவிடுவேன். ஆளுக்கு முன்பணம், அவர் கரண்டியோடு வந்து வேலை தொடங்கும் முதல் நாள் காலையில். அதுவும் இரண்டு நாள் கூலிக்கு மேல் இல்லை. பிறகு செய்த வேலைக்கு ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கணக்குத் தீர்த்துவிடுவேன்.

வராத கோபத்தில் செய்த வேலையின் கூலியை நிறுத்திவைக்கக் கூடாது. அது அவருடைய உழைப்பு. அதை நம்பி வீட்டில் அடுப்பு எரிகிறது. சனிக்கிழமை கூலி தவறிய வீட்டுக்குத் திங்கட்கிழமை ஆள் வராததில் ஆச்சரியமும் இல்லை.

7. உங்கள் பக்கம் தயாராக இருக்க வேண்டியவை

அவர் சொன்ன நாளில் வந்து, நம்மால் வேலை நடக்காமல் திரும்பினால் இன்னொரு நாள் கேட்கும் உரிமையை நாம் இழந்துவிடுகிறோம். மூன்றாவது வீட்டில் எனக்கே இப்படி ஆனது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரி வர வேண்டிய காலை, தெருமுனையில் காதுகுத்துப் பந்தல். லாரி நுழைய முடியவில்லை. ஏழரைக்கு வந்த கொத்தனார் பத்து மணிக்குத் திரும்பிப் போனார். அந்த அரை நாள் கூலியை நான்தான் கொடுத்தேன், கொடுக்க வேண்டியதும் நான்தான். அதிலிருந்து மணல், சிமெண்ட் எல்லாம் இரண்டு நாள் முன்பே இறக்கிவிடுகிறேன். சிமெண்டைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். நம் பக்கம் களிமண் தரை, பழைய வீட்டில் ஈரம் மேலே ஏறும்.

தொட்டியில் தண்ணீர், கரண்ட் எடுக்கும் இடம், கூடத்துச் சாமான்களை ஒதுக்கி வைப்பது, பூட்டிய அறைச் சாவி, இதெல்லாம் முந்தின நாளே முடிய வேண்டும். வேலை நாளில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டா என்று பாருங்கள். கரண்ட் இல்லாத நாளில் காடி வெட்டும் மிஷின் ஓடாது.

8. முந்தின நாள் மாலைப் போன்

மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் போன் செய்யுங்கள். அதற்குள் அவர் வேலை முடித்து டீக்கடையில் இருப்பார், மறுநாளை யோசிக்கும் நேரம் அதுதான். ஒன்பதுக்கு மேல் போன் செய்தால் எடுப்பது சந்தேகம்.

"நாளைக்கு வர்றீங்கள்ல?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்ற ஒரே பதில்தான் உண்டு. வேலையைப் பற்றிக் கேளுங்கள். "மேஸ்திரி, நாளைக்கு வரும்போது ரசமட்டக் குழாய் நீங்க கொண்டாறீங்களா, நான் வாங்கி வைக்கவா? சித்தாள் எத்தனை பேர் சொல்லட்டும்?" வருகிற எண்ணம் இருப்பவர் உடனே பதில் சொல்வார். "ம்... பார்க்கலாம் தம்பி, காலைல சொல்றேன்" என்று இழுத்தால் வரமாட்டார் என்று எடுத்துக்கொண்டு, அப்போதே சித்தாள்களுக்குச் சொல்லிவிடுங்கள். அன்று ராத்திரியே தெரிந்தால் அவர்கள் வேறு வேலைக்குப் போகலாம். இந்த ஒரு போனுக்காக மட்டுமே இந்த வழிகாட்டியை நீங்கள் படித்தாலும் எனக்குத் திருப்திதான்.

9. காலையில் வரவில்லை என்றால்

சொன்ன நேரத்திலிருந்து அரை மணி நேரம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு போன். எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. அதற்கு மேல் செய்யாதீர்கள். இருபது தடவை அடித்தால் அன்று முழுக்க எடுக்கமாட்டார், மறுநாளும் எடுக்கத் தயங்குவார்.

அவர் வந்து சேரும்வரை சிமெண்ட்டில் தண்ணீர் ஊற்றவிடாதீர்கள். தண்ணீர் பட்ட கலவை அரை மணி நேரத்துக்கு மேல் இறுகத் தொடங்கும். "இதோ வந்துட்டேன்" என்ற வார்த்தைக்குக் குழைத்துவைத்து ஒரு மூட்டையை வாய்க்கால் கரையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வந்துவிட்ட சித்தாள்களுக்கு ஒன்பது மணிக்குள் முடிவு சொல்லுங்கள். பூச்சு இல்லாவிட்டால் அவர்களை வைத்துச் செய்யக்கூடிய வேலை என்று ஒரு பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் முன்பே எழுதி வைத்திருங்கள்: இடித்த செங்கல்லைத் துடைத்து அடுக்குவது, மணல் சலிப்பது, நல்ல ஓடுகளைப் பொறுக்கிக் கழுவுவது. முழுக் கூலியும் கொடுக்கலாம், வேலையும் வீணாகாது.

அவர் பிறகு போன் எடுத்தால் "ஏன் வரல?" என்று தொடங்காதீர்கள். காரணம் ஒன்று வரும். அது உண்மையா என்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. "இன்னைக்கு மூணு பேருக்கு வேலை போச்சு மேஸ்திரி. அடுத்து என்னைக்கு?" என்று மட்டும் கேளுங்கள். நாள் வாங்கிக்கொண்டு வைத்துவிடுங்கள்.

10. ஆளை மாற்றுவது

சொல்லாமல் ஒரு தடவை வராவிட்டால் பொறுக்கலாம். இரண்டாவது தடவையும் அப்படி என்றால் மாற்றுங்கள். மூன்றாவது வாய்ப்புக் கொடுத்து நான் நல்லதைக் கண்டதில்லை.

மாற்றும்போது அவரிடம் நேரில் சொல்லி, செய்த வேலையை அளந்து, கணக்கைத் தீர்த்துவிட்டு மாற்றுங்கள். டெல்டாவில் ஒரு வட்டாரத்து ஆட்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். முன்னவர் கணக்கு பாக்கி என்றால் அடுத்தவர் வரத் தயங்குவார். "அவர் வேலையில நான் கை வைக்க முடியாதுங்க" என்பார். கணக்கு முடிந்தது என்று முன்னவர் வாயாலேயே வர வேண்டும். பாதி வேலையின் போட்டோக்களை எடுத்து வையுங்கள், முக்கியமாகக் காடிக்குள் பைப் போகும் வழியை. அது இல்லாவிட்டால் அடுத்த எலக்ட்ரீசியன் மறுபடி சுவரை வெட்டுவார்.

11. பத்து நாள் லீவில் வருகிறவர்களுக்கு

லீவில் வந்து ஆள் தேடாதீர்கள். முதல் ஐந்து படிகளை ஊரில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ இரண்டு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும். பத்து நாளில் எல்லா வேலையையும் அடக்கப் பார்க்காமல், நீங்கள் நின்று பார்க்க வேண்டிய ஒரு வேலையை மட்டும் அந்த நாட்களில் வையுங்கள். கூரையைப் பிரிப்பதாக இருந்தால் அது. பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் அதிகாரத்தையும் ஆளை மாற்றும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுங்கள். "எதுக்கும் சிங்கப்பூர்ல கேட்டுச் சொல்றேன்" என்று அவர் சொல்லும் நிலை வந்தால் ஆட்கள் அவருக்குக் கொடுத்த நாளை மதிக்கமாட்டார்கள்.

12. புகார் செய்யும் நிலை வந்தால்

மொத்தமாகப் பேசி பெரிய தொகை வாங்கிக்கொண்டு வராமலே போனவர் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பில், ஜிபே வரவு, வாட்ஸாப் குரல் பதிவு, பாதி வேலையின் போட்டோ இவைதான் உங்கள் பலம். ஐந்தாவது படியில் குரல் பதிவு அனுப்பச் சொன்னது இதற்கும்தான். நாள் கூலிக்கு உங்கள் சொல்படி வேலை செய்தவர் விஷயத்தில் இந்த வழி உதவாது. தனிப்பட்ட ஊழியத்தை அந்தச் சட்டம் சேவையாகக் கொள்வதில்லை.

வீட்டுப் பத்திரத்துக்காக வக்கீலிடம் அலைந்து, அவர் சொன்ன நாளில் வராமல் போனால் வழி வேறு. வக்கீல்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவர்கள் மீதான புகார் பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

13. கடைசி வருகை

எல்லா வேலையும் முடிந்து, பெயிண்டும் காய்ந்து, நீங்களும் நிம்மதியாக இருக்கும்போது தவறிப்போவது கடைசி வருகை. ஓட்டு வீட்டில் வேலை சரியா என்பது முதல் மழையில்தான் தெரியும். ஓட்டுத் தண்ணீர் வடியும் முற்றத்துத் தகரத் தூம்பு, இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் மூலை, சுவரும் ஓடும் தொடும் விளிம்பு, ஒழுகுவதெல்லாம் இங்கேதான். ஆனால் அந்த மழை வரும்போது ஆச்சாரி பத்து வீட்டு ஒழுகலுக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

அதனால் கணக்குத் தீர்க்கும் நாளிலேயே இந்த வருகையையும் பேசிவிடுங்கள். அதற்கான ஒரு நாள் கூலியைத் தனிக் கவரில் போட்டு, மேலே ஆச்சாரி பெயரை அவர் எதிரிலேயே எழுதி, "முதல் மழைக்கு மறுநாள் வந்து பார்த்துட்டு வாங்கிக்குங்க" என்று சொல்லி சாமி அலமாரியில் வையுங்கள். மற்றக் கணக்கு எதையும் பிடித்துவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஐப்பசி மூன்றாம் தேதி ராத்திரி மழை பிடித்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆச்சாரி ஏணியோடு வாசலில் நின்றார். தாழ்வாரத்து மூலையில் இரண்டு ஓடு மாற்றினார், அம்மா கொடுத்த காபியைக் குடித்தார், கவரை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.